கெடுவில்லாத நன்னடத்தைக் காலம்: முதலில் எதைத் திருத்துவது?

1841-இல் பாஸ்டன் நகரத்து போலீஸ் நீதிமன்றத்தில், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவர் சிறைக்குப் போகும் நிலையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே வந்திருந்த ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைப்பவர் அவரைத் தன் பொறுப்பில் ஜாமீன் எடுத்தார். மூன்று வாரம் கழித்துக் கூட்டிவரச் சொன்னார் நீதிபதி. திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் விதித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறைக்கு அனுப்பாமல், நிபந்தனைகளோடு வெளியில் விட்டுக் கண்காணிப்பதை அமெரிக்காவில் ‘புரொபேஷன்’ என்பார்கள். அந்த நன்னடத்தைக் கண்காணிப்பு இப்படித்தான் பிறந்தது. பிறந்தபோது அதன் ஆயுள் மூன்று வாரம்.

1899-இல் சிகாகோவில் நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் திறந்தபோது இந்த ஏற்பாட்டையே அதன் முதுகெலும்பாக வைத்தார்கள். இன்றும் சிறார் நீதிமன்றங்களில் குற்றம் உறுதியாகும் வழக்குகளில் பாதிக்கு மேல் நன்னடத்தைக் கண்காணிப்பில்தான் முடிகின்றன. ‘முடிகின்றன’ என்று சொல்வதே தவறு, அங்கேதான் தொடங்குகின்றன. பல மாநிலங்களில் உத்தரவில் முடிவுத் தேதியே இருப்பதில்லை. மறு உத்தரவு வரும் வரை, சில இடங்களில் பிள்ளைக்கு 18 வயதோ 21 வயதோ ஆகும் வரை, அது நீளலாம். ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஆறு மாதத்தில் கழன்றுகொள்ளும் வழக்கு பக்கத்துக் கவுண்டியில் இரண்டு வருடம் இழுக்கலாம். கருப்பினச் சிறார்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக இந்த வலைக்குள் இருக்கிறார்கள்.

உத்தரவோடு கொடுக்கும் நிபந்தனைத் தாளை ஒருமுறை படித்தால் விஷயம் புரியும். தினமும் பள்ளிக்குப் போக வேண்டும், தாமதமாகப் போகக் கூடாது. குறித்த நேரத்துக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அழைத்தபோதெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வர வேண்டும். இன்னின்னாரோடு பேசக் கூடாது. அனுமதி இல்லாமல் கவுண்டியை விட்டு வெளியே போகக் கூடாது. வாரம் ஒருமுறை ஆலோசனை வகுப்பு. சமூகசேவை இத்தனை மணி நேரம். இழப்பீட்டுத் தொகை. பெற்றோர் சொல்பேச்சுக் கேட்க வேண்டும். கடைசியில் உள்ளதும் நீதிமன்ற உத்தரவுதான். மீறினால் அதற்கும் விசாரணை உண்டு. இருபதைத் தாண்டும் பட்டியல்கள் அபூர்வமில்லை. பதினைந்து வயதில் இந்தத் தாளோடு ஒரு வருடத்தைக் கடந்திருப்போம் என்று நம்மில் எத்தனை பேர் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும்?

ஒரு வழக்கை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மிச்சிகன் மாநிலம், ஓக்லண்ட் கவுண்டி. 15 வயதுக் கருப்பினச் சிறுமி. தாயோடு ஏற்பட்ட கைகலப்பு ஒன்று, பள்ளியில் ஒரு கைப்பேசியைத் திருடியது ஒன்று என இரண்டு வழக்குகள். 2020 ஏப்ரல் 21 அன்று தீவிர நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டாள். பள்ளிப் பாடத்தை முடிக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. கொரோனாவால் பள்ளி மூடி, பாடம் இணையத்துக்கு மாறியிருந்த நேரம். கவனக் குறைபாட்டுக் கோளாறு உள்ள பிள்ளை அவள். ஒரே வாரத்தில், பாடம் அனுப்பவில்லை, காலையில் எழவில்லை என்று நிபந்தனை மீறல் மனு போனது. மற்ற மாணவர்களிலிருந்து இவள் பெரிதாக வேறுபடவில்லை என்று ஆசிரியை சொல்லியிருந்தார். ஆனாலும் மே 14 அன்று சிறார் காவல் இல்லத்துக்கு அனுப்பினார் நீதிபதி. செய்தி வெளிவந்து நாடே பேசிய பிறகு, ஜூலை 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. 78 நாள்.

இந்தக் கட்டமைப்பைத் திருத்த வேண்டும் என்பதில் இரு கட்சிகளும் பல மாநிலங்களில் ஒத்துப்போகின்றன. எதை முதலில் என்பதில்தான் இழுபறி. மேசையில் இருப்பவை ஐந்து யோசனைகள்: நீதிபதி அவ்வப்போது வழக்கைத் திரும்பப் பார்ப்பது, சட்டத்திலேயே கால வரம்பு எழுதுவது, நன்றாக நடப்பவர்களுக்குக் காலத்தைக் குறைப்பது, சிறு வழக்குகளை நீதிமன்றத்துக்கு வரும் முன்பே மடைமாற்றுவது, நிபந்தனை மீறலுக்குக் காவல் கிடையாது என்று கதவை அடைப்பது. ஒவ்வொன்றையும் அந்த ஓக்லண்ட் சிறுமியின் வழக்கில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த உரைகல்.

திரும்பப் பார்க்கும் விசாரணை

நீதிபதிகளுக்குப் பிடித்த யோசனை இது. செலவு குறைவு, யாருடைய அதிகாரமும் பறிபோவதில்லை. மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை பிள்ளையை வரவழைத்து, ‘இன்னும் தேவையா?’ என்று கேட்பது.

கேள்விக்குப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதுதான் சிக்கல். நன்னடத்தை அலுவலர் எழுதும் அறிக்கையிலிருந்து வருகிறது. 1998-இல் அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழ் ஒன்றில் பிரிட்ஜஸ், ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய அறிக்கைகளை வரி வரியாக ஆராய்ந்து எழுதினார்கள். கருப்பினச் சிறுவன் செய்த குற்றத்துக்குக் காரணம் அவனுடைய குணம் என்றும், வெள்ளையினச் சிறுவன் செய்த குற்றத்துக்குக் காரணம் அவனுடைய சூழல் என்றும் எழுதும் போக்கு அலுவலர்களிடம் இருப்பதைக் காட்டினார்கள். ஒருவனுக்குத் திமிர், வருத்தமில்லை. இன்னொருவனுக்குச் சேர்க்கை சரியில்லை, வீட்டில் சண்டை. குணம் கெட்டவன் என்று எழுதப்பட்டவனை ‘இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்’ என்று சொல்ல எந்த நீதிபதிக்கும் தயக்கம் வராது.

தவிர, இந்த ஏற்பாட்டில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கண்காணிப்பு தொடரும். முடிக்க வேண்டும் என்றால்தான் ஒருவர் வாய் திறக்க வேண்டும். அதற்கு நல்ல வழக்கறிஞர் வேண்டும். எனக்கு இந்த யோசனையில் அதிகம் நம்பிக்கை இல்லை.

சட்டத்தில் கால வரம்பு

இதுதான் எல்லோருடைய வாயிலும் அடிபடுவது. கன்சாஸ் 2016-இல் இயற்றிய சட்டம் குற்றத்தின் தன்மையையும் பிள்ளையின் ஆபத்து மதிப்பீட்டையும் (மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணிப்பு) சேர்த்துப் பார்த்து 6 மாதம், 9 மாதம், 12 மாதம் என்று மூன்று படிகளை வைத்தது. யூட்டா 2017-இல் முறையான கண்காணிப்புக்கு 4 முதல் 6 மாதம் என்ற அளவை எழுதியது. இரண்டும் பழமைவாதிகளின் கை ஓங்கிய மாநிலங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் மேல் இரக்கம் மட்டும் காரணமல்ல. மறுபடி குற்றம் செய்ய வாய்ப்பில்லாத பிள்ளையின் பின்னால் அலுவலரை வருடக்கணக்கில் அலையவிடுவது வீண்செலவு என்ற கணக்கும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆபத்து குறைந்த பிள்ளைகளைக் கெடுபிடியாகக் கண்காணித்தால் அவர்கள் மேலும் கெடுகிறார்கள் என்பது இத்துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

பெரியவர்களுக்கு இருக்கும் வரம்பு சிறார்களுக்கு ஏன் இல்லாமல் போனது? பதில் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கால்ட் வழக்கிலேயே இருக்கிறது. அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுச் சிறுவன், அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிபட்டான். அப்போது அவன் வேறொரு விஷயத்துக்காக ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தான்: பணப்பை திருடிய ஒரு பையனோடு கூட இருந்ததற்காக. நீதிபதி அவனை 21 வயது வரை, அதாவது ஆறு ஆண்டுக்கு, சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார். அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. தண்டனை என்றால் அதற்கு அளவு கேட்பார்கள். ‘உன் நன்மைக்காக’ என்று சொல்லிவிட்டால் அளவு கேட்க ஆளில்லை. கால்ட் வழக்கின் தீர்ப்பு சிறார்களுக்கு வழக்கறிஞரையும் முறையான விசாரணையையும் கொடுத்தது, கெடுவைக் கொடுக்கவில்லை. கலிஃபோர்னியா 2020-இல் இயற்றிய சட்டத்தால் பெரியவர்களின் நன்னடத்தைக் காலம் பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு ஓராண்டாகவும் பெருங்குற்றங்களுக்கு இரண்டாண்டாகவும் சுருங்கியபோது, சிறார்களுக்கு அப்படியொரு வரம்பு அங்கே இருக்கவில்லை. அண்ணனுக்கு முடிவுத் தேதி இருந்தது, தம்பிக்கு இல்லை. (இந்தியாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, சிறாரை நன்னடத்தையின் பேரில் விடுவிப்பதற்கு மூன்றாண்டு என்ற உச்ச வரம்பைத் தாளில் எழுதி வைத்திருக்கிறது. மூன்றாண்டு அதிகம் என்பது வேறு விஷயம்.)

வரம்பின் பெரிய பலம், நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அது பொருட்படுத்துவதில்லை. எதிர்ப்புகளும் உண்டு. சிகிச்சை பாதியில் நிற்குமே என்பார்கள். சிகிச்சை தேவையென்றால் நீதிமன்றக் கயிறு இல்லாமலும் அதைத் தொடரலாம். பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய இழப்பீடு நிலுவையில் இருக்குமே என்பார்கள். அதைச் சாதாரணக் கடனாக மாற்றி வசூலிக்கலாம். காசில்லாத வீட்டுப் பிள்ளை என்பதற்காகக் கண்காணிப்பை நீட்டுவது வட்டிக்குப் பதிலாக ஆளை அடகு பிடிப்பது போலத்தான்.

கன்சாஸ் முறையில் எனக்குள்ள உறுத்தல் வேறு. ஆபத்து மதிப்பீடு என்பது ஒரு மதிப்பெண் தாள். முன்பு எத்தனை வழக்கு என்பது அதில் பெரிய எண்ணைத் தரும். போலீஸ் ரோந்து அதிகமுள்ள தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த எண் தானாகவே கூடும். ஆகவே வரம்பை மதிப்பெண்ணோடு கட்டினால், துரத்த நினைத்த பாரபட்சம் கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே வரும். யூட்டாவைப் போல ஒரே அளவு வைப்பது முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் நேர்மையானது.

இப்போது உரைகல்லுக்கு வருவோம். ஆறு மாத வரம்பு இருந்திருந்தால் ஓக்லண்ட் சிறுமி தப்பியிருப்பாளா? தப்பியிருக்க மாட்டாள். ஏப்ரல் 21-க்கும் மே 14-க்கும் இடையே 23 நாள்தான். அகஸ்டஸ் தன் ஆளைத் திருத்திக் கூட்டிவர எடுத்துக்கொண்ட மூன்று வாரத்துக்கு இரண்டே நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு இவளைக் காவலுக்கு அனுப்பியாயிற்று. நீளம்தான் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வழக்கு ஒரு கடிவாளம்.

பரிசும் மடைமாற்றும்

வாஷிங்டன் மாநிலத்தின் பியர்ஸ் கவுண்டியில் வேறொரு வழியில் போனார்கள். பிள்ளையும் குடும்பமும் அலுவலரும் சேர்ந்து சிறு இலக்குகளை வைப்பது, முடித்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பரிசும் வாய்ப்புகளும், தொடர்ந்து நன்றாகச் செய்தால் காலத்துக்கு முன்பே விடுதலை. தண்டனைப் பயத்தைவிடப் பரிசின் ஆசை பதின்வயதினரை அதிகம் அசைக்கும் என்பது வளரிளம்பருவ உளவியல் சொல்வது. ஒரு பிள்ளையை வளர்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை.

எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. ஆனாலும் வரம்புக்குப் பதிலாக இதை வைக்கக் கூடாது. இரண்டு பையன்களை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மாலை நான்கு மணிக்கு ஆலோசனை வகுப்பு. ஒருவனை அப்பா காரில் கொண்டுவந்து விடுகிறார். இன்னொருவன் தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, பக்கத்து வீட்டில் விட்டு, இரண்டு பஸ் மாறி நாலரைக்கு வந்து சேர்கிறான். யாருக்குப் புள்ளி? யாருடைய அறிக்கையில் ‘ஒத்துழைப்பு போதாது’ என்று விழும்? பரிசைக் கொடுக்கும் கையும் பழைய கைதான். அதற்கு இன்னும் கொஞ்சம் அதிகாரம் சேர்கிறது, அவ்வளவே. வரம்புக்கு உள்ளே, குறைப்பதற்கு மட்டும் இந்த முறை இருக்கட்டும். அதிலும் புதிய குற்றம் இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் இத்தனை நாள் தானாகக் கழியும் என்று வைத்துவிட்டு, ஆட்சேபம் இருந்தால் அலுவலர் மனுப் போடட்டும் என்றால் இன்னும் நல்லது.

மடைமாற்று பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிறு தவறுகளை நீதிமன்ற வாசலுக்கே கொண்டுவராமல் சமரசம், பயிற்சி, மன்னிப்பு என்று திருப்பிவிடுவது எல்லா வகையிலும் சரி. பிலடெல்ஃபியாவிலும் ஃபீனிக்ஸிலும் கடுமையான குற்றம் செய்த 1,354 சிறார்களை ஏழு ஆண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வே, பெரும்பாலோர் வயது ஏற ஏறக் குற்றத்தைக் குறைத்துக்கொண்டதைக் கண்டது. அவர்களே அப்படியென்றால், கைப்பேசி திருடிய பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டுமா? ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். முன்பு போலீஸ்காரர் அதட்டி அனுப்பியிருக்கும் பிள்ளைகளையெல்லாம் ‘நிகழ்ச்சித் திட்டம் இருக்கிறதே’ என்று உள்ளே இழுத்துப் போட்டால் மடை அகலமாகிவிடும், வெள்ளம் குறையாது.

கதவை அடைப்பது

ஐந்தாவது யோசனைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1974-இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டம், பள்ளிக்கு மட்டம் போடுவது, வீட்டை விட்டு ஓடுவது போன்ற, பெரியவர் செய்தால் குற்றமாகாத செயல்களுக்காகப் பிள்ளைகளை அடைத்து வைக்கக் கூடாது என்றது. நல்ல கதவு. 1980-இல் அதில் ஒரு துளை போட்டார்கள்: நீதிமன்றம் ‘பள்ளிக்குப் போ’ என்று உத்தரவிட்டிருந்து, அதைப் பிள்ளை மீறினால் அடைக்கலாம். மட்டம் போட்டதற்காக அடைக்கக் கூடாது. ஆனால் மட்டம் போடாதே என்ற உத்தரவை மீறியதற்காக அடைக்கலாம். 2018-இல் வந்த திருத்தம் இந்தத் துளையை ஏழு நாளாகச் சுருக்கியது, அடைக்கவில்லை.

நன்னடத்தை நிபந்தனை ஒவ்வொன்றும் இதே வித்தையைத்தான் செய்கிறது: குற்றமில்லாத காரியத்தைக் குற்றத்தின் நிழலாக்குகிறது. ஆகவே பட்டியலைச் சுருக்குவதும், மீறலுக்குக் காவல் இல்லை என்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள். சிறார் மற்றும் குடும்ப நீதிமன்ற நீதிபதிகளின் தேசிய அமைப்பே 2017-இல் ஒரு தீர்மானம் போட்டு, பொத்தாம் பொதுவான நிபந்தனைகளை விதிப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைக்குப் பிள்ளை தனித் திட்டம் வகுக்கச் சொன்னது. 2019-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வீடு புகுந்து திருடிய ஒரு சிறுவனின் மின்னணுக் கருவிகளையும் சமூக ஊடகக் கணக்குகளையும் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்ற நிபந்தனையைத் தள்ளுபடி செய்தது; திருட்டுக்கும் அந்தக் கருவிகளுக்கும் தொடர்பிருந்ததாகத் தெரியவில்லை. கண்காணிப்புக் கட்டணம், இருக்குமிடத்தைக் கண்காணிக்கக் காலில் மாட்டும் மின்னணுப் பட்டைக்கான தினக் கட்டணம் என்று பெற்றோரிடம் வசூலித்துவந்ததைக் கலிஃபோர்னியா 2018 தொடக்கத்திலிருந்து நிறுத்தியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தடி இல்லாவிட்டால் பையன் வரவே மாட்டான் என்று அலுவலர்கள் சொல்வார்கள். அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. வராத பையனுக்கு என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் இன்று இருக்கும் ஒரே பதில் காவல் இல்லம். வேறு பதில்களுக்குப் பணமும் ஆளும் கொடுக்காமல் தடியை மட்டும் பிடுங்கினால் அவர்கள் கோபம் நியாயம்.

உரைகல்லில் வைத்தால், ஓக்லண்ட் சிறுமி காவலுக்குப் போவதைத் தடுத்திருக்கக் கூடியவை மடைமாற்றும் இந்தக் கதவும்தான். மடைமாற்று யாருக்கு என்பதை ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கதவு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை.

என் வரிசை

ஆகவே, வழக்கமாகச் சொல்லும் வரிசையை நான் மாற்றிப் போடுவேன். முதலில் கதவு: புதிய குற்றம் இல்லாத நிபந்தனை மீறலுக்குக் காவல் இல்லை. இரண்டாவது வரம்பு, எல்லோருக்கும் ஒரே அளவாக, ஆறு மாதத்தைத் தாண்டாமல். கதவு இல்லாத வரம்பில் மூன்றாவது மாதமே பிள்ளை உள்ளே போய், வெளியே வரும்போது கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கலாம். வரம்பு இல்லாத கதவில் பிள்ளை வீட்டில் இருப்பான், ஆனால் பட்டையோடு வருடக்கணக்கில் இருப்பான். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இரண்டாவது கெடுதல்தான் பொறுக்கத்தக்கது. மடைமாற்று இவற்றோடு சேர்ந்தே நடக்கலாம், அதற்குச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பரிசு வரம்புக்குள். திரும்பப் பார்க்கும் விசாரணை, வரம்பைத் தாண்டி நீட்டக் கேட்கும் வழக்குகளுக்கு மட்டும், அதுவும் நீட்ட வேண்டியதை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பில்.

சட்ட முன்வரைவு கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது முகப்பில் இருக்கும் மாதக் கணக்கை அல்ல. ‘எனினும்’, ‘நீங்கலாக’ என்ற சொற்கள் உள்ள வாக்கியங்களை. பிடியாணை நிலுவையில் உள்ள நாட்கள் கணக்கில் வராது என்று எழுதுவது வழக்கம். வீடு மாறிய குடும்பத்துக்குச் சம்மன் போய்ச் சேராமல், விசாரணைக்கு வராத பிள்ளைக்குப் பிடியாணை விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். அடிக்கடி வீடு மாறுபவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. நீட்டிப்பு உத்தரவு ஒவ்வொன்றையும் காரணம், இனம், வசிக்கும் பகுதி ஆகியவற்றோடு கவுண்டி வாரியாக வெளியிட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

2020-இல் மிச்சிகனில் கதவு இல்லாமல் இல்லை. நிபந்தனையை மீறிய சிறார்களைத் தொற்றுக் காலத்தில் அடைக்க வேண்டாம் என்று ஆளுநரின் உத்தரவு நடப்பில் இருந்தது, பிறர் பாதுகாப்புக்குக் கணிசமான உடனடி ஆபத்து உள்ளவர்கள் நீங்கலாக. வீட்டுப்பாடம் அனுப்பாத சிறுமியைச் சமூகத்துக்கு அச்சுறுத்தல் என்று சொல்லித்தான் நீதிபதி உள்ளே அனுப்பினார்.